ஓட்டு வீட்டில் விழுந்த ஒளி வட்டங்கள்

கோடைக் காலத்தில், லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பாக, பழைய ஓட்டு வீடு ஒன்றின் கூடத்தில் நீங்கள் அமர்ந்திருந்ததுண்டா? கூரையில் எங்கெங்கோ ஓடு விலகியிருக்கும். அந்த இடுக்குகளின் வழியே வெயில் கசிந்து, வெள்ளிக் காசுகளை இறைத்தாற்போல் தரையெங்கும் ஒளிப் பொட்டுகள் விழுந்து கிடக்கும். தவழும் குழந்தை அவற்றைப் பொறுக்கியெடுக்க முயன்று ஏமாறும். நம்மில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால், அந்தப் பொட்டுகள் அனைத்தும் ஏன் வட்டமாகவே இருக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நான் கேட்டதில்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகு, என் ஒன்பது வயது மகன் கேட்டபோதுதான் அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரிய வந்தது.

அது என் மாமியாரின் வீடு. பள்ளி விடுமுறைக்காகப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். "அத்தா, இந்த வெளிச்சமெல்லாம் ஏன் வட்டமா இருக்கு?" என்றான் மகன். செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே, "மேலே இருக்கிற ஓட்டை வட்டம், அதனால் வெளிச்சமும் வட்டம்" என்று கூறிவிட்டேன்.

மதரஸாவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவன் நான். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். அறிவியல் பாடத்துக்கு எஸ்.எஸ்.எல்.சி.யோடு விடை கொடுத்தவன். இருப்பினும், ஆசிரியர் தொழில் நாவுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்து விடுகிறது. எந்தக் கேள்வி வந்தாலும் ஏதேனும் ஒரு பதில் கணீரென்று வெளியே வந்து விழுந்துவிடும். 'தெரியாது' என்னும் சொல் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். மகனும் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினான். அத்தா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

பத்து நாட்கள் கழித்து, மழைக்கு முன்னால் கூரையைச் சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். ஏணி சாத்தி, உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்தார்கள். மகன் அவற்றை வாங்கி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் இரண்டு ஓடுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றான். ஒன்றின் ஓரம் பல் உடைந்தாற்போல் கோணல்மாணலாகப் பெயர்ந்திருந்தது. மற்றொன்றை அதன்மேல் பொருத்திக் காட்டினான். இடையே தெரிந்த இடுக்கு முக்கோணமும் இல்லை, சதுரமும் இல்லை. வட்டமாக இல்லை என்பது மட்டும் உறுதி.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பார்வையை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஒரு சிறுவன், தலைப்பிறை ஒரு மாதம் நிமிர்ந்தும் ஒரு மாதம் படகுபோல் படுத்தும் தெரிவது ஏன் என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "பாடத்தை மட்டும் கவனி" என்றேன். அவனும் கவனித்தான். அதன் பிறகு அவன் என் வகுப்பில் இருந்த மூன்று ஆண்டுகளில் எதைப் பற்றியும் என்னிடம் கேட்கவேயில்லை. மற்றொரு பிள்ளையிடமும் அதே கதவை நானே அடைத்துவிட்டேனோ என்னும் கவலை அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலையில் மகனை அழைத்து, "அன்றைக்கு நான் சொன்னது தவறு. உண்மையில் எனக்குத் தெரியாது. வா, இரண்டு பேரும் கண்டுபிடிக்கலாம்" என்றேன். பெற்றோர்களே, இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

அழைப்பிதழ் அட்டையும் மூன்று துளைகளும்

எங்களுக்குச் செலவு ஏதும் ஆகவில்லை. பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்தோம். கனமான அட்டை, இதற்கென்றே செய்தாற்போல் இருந்தது. அதில் ஒரு விரல் இடைவெளியில் மூன்று துளைகளை வெட்டினோம்: ஒன்று முக்கோணம், ஒன்று சதுரம், ஒன்று வட்டம். ஒவ்வொன்றும் பச்சைப் பயறு அளவுதான். கத்தரிக்கோல் முனையை மகன் பிடித்தான். ஆறு வயது மகள் தனக்கும் வேண்டும் என்றாள். "நீ சும்மா பார்" என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சொல் அடங்கியது. சதுரத்தை மகள் வெட்டினாள். சற்றே கோணல், பாதகமில்லை.

வெயிலில் போய் நிற்பதற்கு முன், என்ன தெரியும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றேன். இதை மட்டும் நீங்கள் மறந்துவிடாதீர்கள். முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்ன பிள்ளைதான் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு பார்க்கும். சொல்லாத பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். "முக்கோணத்துக்கு முக்கோணம், சதுரத்துக்குச் சதுரம்" என்றாள் மகள். ஓட்டைப் பார்த்திருந்த மகன் தயங்கித் தயங்கி, "எல்லாம் வட்டம்" என்றான்.

முற்றத்துத் தரையில் வெள்ளைத் தாளை விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையைத் தாளுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்தோம். தாளில் துல்லியமாக ஒரு முக்கோணம், ஒரு சதுரம், ஒரு வட்டம். மகள் கைதட்டினாள். மகனின் முகம் வாடியது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் கூரையில் நடந்தது என்ன?

"அத்தா, கூரை உயரமா இருக்குல்ல?" என்றான் அவன்.

அட்டையை மெல்ல மெல்ல உயர்த்தினோம். முழங்கால் உயரம் வந்ததும் முக்கோணத்தின் முனைகள் மழுங்கின. இடுப்பளவு வந்ததும் அது முக்கோணமா வட்டமா என்று சொல்ல முடியவில்லை. நான் அட்டையை வாங்கித் தலைக்கு மேல் பிடித்தபோது, தாளில் மங்கலாக மூன்று பொட்டுகள், மூன்றும் வட்டம். எது முக்கோணத்தின் வழியே வந்தது என்று யாராலும் சொல்ல இயலவில்லை. இரண்டு பிள்ளைகளும் சரி, இருவரும் தவறு. அட்டையை ஏற்றியும் இறக்கியும் அன்று அவர்கள் பார்த்ததற்குக் கணக்கில்லை.

ஏன் அப்படி? எங்கள் தெருவில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டு நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சூரியன் ஒரு புள்ளி அல்ல. பெரியதொரு வட்டத் தட்டு. அத்தட்டின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் ஒளி, துளையின் வழியே நேர்க்கோட்டில் புகுந்து, தரையில் துளையின் வடிவத்திலேயே ஒரு சிறு முக்கோணத்தைப் பதிக்கிறது. சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வந்தது ஓரிடத்தில், கீழ் விளிம்பிலிருந்து வந்தது சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில். இப்படி எண்ணற்ற முக்கோணங்கள் வட்ட வடிவில் நெருங்கி விழுகின்றன. துளை தரைக்கு அருகில் இருந்தால் அவையனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துவிடுவதால் முக்கோணம் தெரிகிறது. உயரம் கூடக் கூட அவை விலகிப் பரவுவதால் வட்டம் தெரிகிறது. அதாவது, தரையில் கிடப்பது ஓட்டையின் நிழல் அன்று, சூரியனின் உருவம்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? அன்று மாலைத் தேநீருக்கு மாமியார் சமோசா சுட்டிருந்தார். சஹன் நிறைய அவற்றைப் பரப்பி வைத்து, மகளைக் கூடத்தின் கோடிக்குப் போய் நின்று பார்க்கச் சொன்னேன். "என்ன வடிவம் தெரிகிறது?" "வட்டம்." "கிட்டே வந்து ஒன்றை எடுத்துப் பார்." "முக்கோணம்!" அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. விளக்கத்தை அவள் தின்றுவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் இப்பொட்டுகள் முட்டை வடிவில் நீண்டு தெரியும். ஒளி சாய்ந்து விழுவதே அதற்குக் காரணம். அப்போது ஒரு தாளை ஒளிக்கு நேரே திருப்பிப் பிடித்தால் மீண்டும் வட்டமாகும். இதைப் பிள்ளைகளிடம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர்களே உங்களிடம் வந்து சொல்வார்கள்.

சாக்கட்டிக் கோடு

சரிசெய்த பிறகும் அந்தக் கூரையில் இரண்டு இடுக்குகள் எஞ்சியிருந்தன. கூடத்தில் விழுந்த ஒரு பொட்டைச் சுற்றி மகளைச் சாக்கட்டியால் கோடு போடச் சொன்னோம். போட்டு முடித்துவிட்டு, நன்னியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள். பொட்டு கோட்டைவிட்டு வெளியே கிடந்தது. "யாரு தள்ளிவிட்டா?" என்று அண்ணனோடு சண்டைக்குப் போனாள். மறுபடியும் கோடு போட்டாள். இம்முறை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தோம். சுமார் இரண்டு நிமிடத்தில் வட்டம் தன் அகலத்தின் அளவுக்கு நகர்ந்து கோட்டைத் தாண்டியது. கிப்லாத் திசையை நோக்கிச் சூரியன் போகப் போக, பொட்டு எதிர்ப்புறமாகக் கிழக்குச் சுவரை நோக்கி ஊர்ந்தது. பூமி சுழல்கிறது என்று பாடப் புத்தகத்தில் ஆயிரம் முறை படித்தவன் நான். அது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கூடத்துத் தரையில் வந்து எழுதிவிட்டுப் போகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

சற்றுப் பெரிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை அளந்தும் பார்க்கலாம். வெயில் நேராக வரும் சன்னலில், ஊசித் துளை இட்ட அட்டையைப் பொருத்தினோம். துளையிலிருந்து சரியாக 2 மீட்டர் தொலைவில், ஒளிக்கு நேராகத் தாளைப் பிடித்தோம். மகன் அடிக்கோலால் அளந்தான்; 20 மில்லி மீட்டர். 2,000 மில்லி மீட்டர் தொலைவுக்கு 20 என்றால், நூற்றில் ஒரு பங்கு. சூரியன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. அதில் நூற்றில் ஒரு பங்கு 15 லட்சம். ஆக, சூரியனின் குறுக்களவு 15 லட்சம் கிலோ மீட்டர் என்று கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். நூல்கள் கூறும் அளவு சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோ மீட்டர். நம் பூமியைப் போல் எட்டுக்கு மேற்பட்ட பூமிகளை வரிசையாக வைக்கும் அளவுக்குப் பிழை! ஆனால் அப்பிழை வந்த வழியை அவனே கண்டுபிடித்தான். துளையின் அகலமும் வட்டத்தின் அகலத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு மில்லி மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அளந்துவிட்டோம், அவ்வளவுதான். ஒரு பழைய அட்டையையும் அடிக்கோலையும் வைத்துக்கொண்டு, சூரியனை இவ்வளவு நெருக்கமாக அளக்க முடிந்ததே என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அவனோ அந்த ஒரு மில்லி மீட்டருக்காக வருந்திக்கொண்டிருந்தான்.

இருட்டறையில் மூன்று விளக்குகள்

வரலாறு படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் இராது. கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்களின் பெயரே அது. ஏழு பாகங்களைக் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்' ஒளியையும் பார்வையையும் பற்றிய பெருநூல். அதன் லத்தீன் மொழியாக்கம் 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. 2015ஆம் ஆண்டு உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, ஆயிரம் ஆண்டு கண்ட நூலாக அது சிறப்பிக்கப்பட்டது. கிரகண நேரத்தில் சிறு துளை வழியே விழும் ஒளி பிறை வடிவம் கொள்வது பற்றித் தனியே ஓர் ஆய்வுரையும் எழுதியிருக்கிறார்.

நம் மேடைகளில் சிலர், 'கேமரா' என்னும் சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று முழங்குவதுண்டு. அது சரியன்று, அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. துளை வழியே உருவம் விழுவதை முதன்முதலில் கண்டவரும் இப்னுல் ஹைதம் அல்லர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனத்து மோட்ஸியின் நூலில் அச்செய்தி உண்டு. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஒரு நூலிலோ, நாற்கோண இடுக்கின் வழியே வரும் வெயில் ஏன் வட்டமாக விழுகிறது என்று என் மகன் கேட்ட அதே கேள்வி இருக்கிறது. இல்லாத பெருமையைச் சேர்த்து அவரை நாம் உயர்த்த வேண்டியதில்லை. அவர் செய்தது வேறு. சொன்னதைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, என்ன ஆகிறது என்று பார்த்தார். அதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'இஃதிபார்'. படிப்பினை பெறுதல் என்னும் பொருளில் நம் மதரஸா மாணவர்கள் நன்கறிந்த அச்சொல்லைத்தான், அவர் சோதனைக்கும் ஆண்டிருக்கிறார்.

அந்நூலில் உள்ள ஒரு சோதனையை நாங்கள் இரவில் செய்து பார்த்தோம். உள்ளறை வாசலில் கனத்த போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நடுவே கொத்தமல்லி விதையளவு துளை கொண்ட அட்டையை வைத்து ஊக்குகளால் பிணைத்தோம். பிள்ளைகள் உள்ளே இருட்டில், வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். வெளியே ஒரு மேசை மீது மூன்று டார்ச் விளக்குகளைத் துளையை நோக்கி வரிசையாக வைத்தோம். (மெழுகுவத்தியும் வைக்கலாம், ஆனால் துணி தொங்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம் என்பது என் மனைவியின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.) ஒரு விளக்கின் முகத்தில் சிவப்பு மிட்டாய்க் காகிதம், மற்றொன்றில் பச்சை, மூன்றாவது வெறுமனே.

உள்ளே தாளில் மூன்று பொட்டுகள் விழுந்தன. ஒரே துளையின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வந்தும், சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பச்சை பச்சையாகவே இருந்தது. பிறகு என் மனைவி ஓசைப்படாமல் கிழக்கே இருந்த விளக்கைக் கையால் மறைத்தார். உள்ளே மேற்கே இருந்த பொட்டு மறைந்தது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. "அம்மா, மாத்தி மறைக்கிறீங்க!" என்று உள்ளிருந்து கூச்சல். மாற்றவில்லை என்பதை வெளியே வந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, மறுபடியும் உள்ளே ஓடினார்கள். நேர்க்கோட்டில் வரும் ஒளி துளையில் குறுக்கே கடந்து போகிறது. கிழக்கிலிருந்து வந்தது மேற்கே போகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பேரறிஞர் விளக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்ததும் இதையேதான்.

யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்கப் பெரியோர்கள், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று கருதினார்கள். என் மகளும் அக்கட்சியைச் சேர்ந்தவள் என்பது அன்றுதான் தெரிந்தது. "கண்ணுதானே போய்ப் பாக்குது?" என்றாள். "அப்படியானால் இருட்டில் ஏன் தெரியவில்லை?" என்று அண்ணன் கேட்டான். அவள் நெடுநேரம் யோசித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பால்மாவு டப்பா

இனிச் சொல்லப் போவது பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் மிகவும் பிடித்தது. காலியான பால்மாவு டப்பா ஒன்றின் அடிப்பகுதியில், நடுவே, மெல்லிய ஆணியால் ஒரு சிறு துளை. திறந்த வாயின் மீது, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த வெள்ளைத் தாளைச் சுருக்கமின்றி இழுத்து ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும். வெயில் படும் வாசலை நோக்கித் துளையைத் திருப்பி, தாள் பக்கத்தையும் தலையையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பாருங்கள்.

எங்கள் முதல் டப்பா தோற்றது. மகன் ஆர்வத்தில் ஆணியை ஓங்கி அடித்துவிட்டான். துளை பெரிதாகி, தாளில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. இரண்டாவது டப்பாவின் விளிம்பு என் விரலைக் கிழித்தது. (பெரியவர்கள் முதலில் விளிம்பைச் சுற்றி ஒட்டு நாடாவை ஒட்டிவிடுங்கள்.) மூன்றாவதில், துணிக்குள்ளிருந்து மகளின் அலறல் கேட்டது: "நன்னி தலைகீழா நடக்கிறாங்க!"

வேப்ப மரம் தலைகீழாகத் தொங்க, வானம் கீழே கிடக்க, என் மாமியார் வாளியோடு மேலே நடந்து போய்க்கொண்டிருந்தார், அசலான வண்ணத்தோடு. அவரையும் அழைத்துத் துணிக்குள் பார்க்கச் சொன்னோம். எழுபது வயதைத் தாண்டியவர். வெகுநேரம் வெளியே வரவேயில்லை. "எங்கே, எனக்குக் கொடுங்க" என்று பேத்தி இழுத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று.

துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், தெளிவு குறையும். இரண்டு துளை இட்டால் இரண்டு நன்னிகள். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க விடுங்கள். நம் கண்ணும் இப்படி ஒரு டப்பாதான். அதன் உட்புறத் திரையிலும் உலகம் தலைகீழாகவே விழுகிறது. இதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் 1604இல் கெப்ளர். கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழும் என்பதை இப்னுல் ஹைதம் ஏற்கத் தயங்கினார். அவ்வளவு பெரிய அறிஞருக்கும் ஓரிடத்தில் கால் தயங்கியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். எனக்கு அச்செய்தி மிகவும் ஆறுதலாக இருந்தது.

இன்று பல வீடுகளில் அறிவியல் என்பது, பள்ளி கேட்கிறது என்பதற்காகக் கடைக்குப் போய் வாங்கி வந்து, இரவெல்லாம் விழித்துத் தாய்மார்கள் ஒட்டித் தரும் தெர்மாகோல் வேலையாகிவிட்டது. பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போவதோடு சரி. தோற்றுப்போன என் முதல் டப்பா அதைவிட மேலானது என்பேன்.

எச்சரிக்கை ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். எக்காரணம் கொண்டும் பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்க்கலாகாது. துளையின் வழியே பார்ப்பதும், டப்பாவைச் சூரியனுக்கு நேரே திருப்பிக் கண்ணை வைப்பதும் கூடாது. தொலைநோக்கி, பூதக் கண்ணாடி ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். பார்வை பறிபோகும், அப்போது வலிகூடத் தெரியாது. முதுகைச் சூரியனுக்கும், கண்ணைத் தரைக்கும் கொடுத்தே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும். சிறு பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

சல்லடை

2019 டிசம்பர் 26 அன்று காலை வளையச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை போன்ற ஊர்களில் சூரியன் நெருப்பு வளையமாகவே தெரிந்தது. நான் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகையை முடித்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து சன்னல்களையெல்லாம் அடைத்து, பிள்ளைகளோடு உள்ளே அமர்ந்துகொண்டேன். கண் கெட்டுவிடும் என்னும் அச்சம். அச்சம் நியாயமானதுதான். ஆனால், அந்நேரம் எங்கள் வாசலில் நின்ற வேப்ப மரத்தடியில், இலைகளின் இடுக்குகள் வழியே ஆயிரக்கணக்கான பிறைகள் தரையில் விழுந்திருக்கும். யாருடைய கண்ணுக்கும் எந்தக் கேடும் இல்லாமல், குனிந்த தலையோடு பார்த்திருக்கலாம். ஒரு சல்லடையை வெயிலில் பிடித்திருந்தால் சல்லடை நிறையப் பிறைகள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது மகன், "இன்னொரு தடவை எப்ப வரும்?" என்று கேட்டான். "தெரியாது" என்றேன், இப்போது அச்சொல் எனக்குப் பழகிவிட்டது. அறிவியல் ஆசிரியரிடம் மூவரும் போய்க் கேட்டு வந்தோம். 2031 மே 21 அன்று, நண்பகலை ஒட்டி, தென் தமிழகத்தின் வழியாகவே ஒரு வளையக் கிரகணம் கடந்து செல்கிறதாம். இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம் என்றேன்.

மகள் விரல்களை மடக்கித் தன் வயதைக் கணக்கிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய், மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வந்து, அதைத் தனக்கென்று எடுத்து வைக்கும்படி நன்னியிடம் கேட்டாள். "அதுவரைக்கும் நான் எதுல மாவு சலிக்கிறது?" என்றார் என் மாமியார். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சல்லடை இப்போதும் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. அதன் விளிம்பில் சாக்கட்டியால் மகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மாவு சலிக்கும்போதெல்லாம் அழிந்துவிடுகிறது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவள் மறுபடியும் எழுதிவிட்டு வருகிறாள்.